பந்தயக் கொடிகளில் எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை: மார்ஷல் ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 57. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 24 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கார் பந்தயத்தின் மேல் சிறு வயதிலிருந்தே பைத்தியம். ஓட்டுவதற்கு வசதியில்லாததால், வார இறுதிகளில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் கொடி காட்டும் மார்ஷலாகத் தன்னார்வப் பணி செய்தேன். 2017இல் என் மனைவிக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தொடங்கியது. 2019இல் என்னிடம் வேலை பழகிய பையன் எனக்கு மேலதிகாரியானான். 2021இல் ஆலையை மூடிவிட்டார்கள். அதன் பிறகு குடித்தேன். 2022இல் மகன் சொன்ன ஒரு சொல்லில் விட்டுவிட்டேன். 2023இல் மனைவி போய்விட்டாள். அதற்குப் பிறகு பந்தயத் தடத்துக்கும் போவதில்லை. இப்போது விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுவதால், என் வாழ்க்கையைக் கொடிகளாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். கல்யாணமும் வேலையும் பச்சை. மனைவியின் நோய் மஞ்சள். பதவி பறிபோனது நீலம். ஆலை மூடல் கறுப்பு. இப்போது எனக்கு வெள்ளைக்கொடி, கடைசிச் சுற்று. இனிப் பந்தய முடிவைச் சொல்லும் கட்டம் போட்ட கொடிக்காகக் காத்திருப்பதுதான் மிச்சம். நான் படித்திருப்பது சரிதானா? இப்படி எழுதுவது ஒரு மனக்கோளாறா? திருச்சியில் இருக்கும் என் மகள் முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள். இந்த நோட்டை அவளிடம் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தையும் அதனுடன் வைத்திருந்த நோட்டுப் பக்கங்களின் நகலையும் படித்தேன். நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி நான் கேட்டாக வேண்டும். கட்டம் போட்ட கொடிக்காகக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வயதானவர்கள் அலுப்பில் சொல்லும் சாதாரணப் பேச்சாகவும் இது இருக்கலாம். ஆனால் என் தொழிலில் இத்தகைய வரியைப் பேச்சென்று தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. ஆகவே நேராகவே கேட்கிறேன்: உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு வருகிறதா? ஒரு முறையேனும் வந்திருந்தால், இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையான அது இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அன்றிரவு வீட்டில் தனியாக இருக்காமல், மகனையோ பக்கத்து வீட்டாரையோ உடன் இருக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் மனத்தில் விதைக்கப்படும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை, கேட்கப்பட்டதே பலருக்கு நிம்மதியைத் தருகிறது.

அப்படி எதுவும் இல்லை என்றாலும், உங்கள் நோட்டில் விடுபட்டுப்போன கொடி ஒன்று இருக்கிறது. கறுப்புத் துணியின் நடுவே 40 செண்டிமீட்டர் விட்டமுள்ள ஆரஞ்சு வட்டம் போட்ட கொடியை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காரில் பழுது இருக்கிறது, அது ஓட்டுநருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்தாகலாம், அடுத்த சுற்றிலேயே கார்களைச் சரிபார்க்கும் இடமான பிட்டுக்குள் வந்து நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். பின்சக்கரத்தருகே புகைவதும் இறக்கையின் ஓரம் தொங்குவதும் வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரிவதில்லை; வெளியே நிற்பவர்களுக்குத்தான் தெரிகிறது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் மூன்று செய்திகள் போகிறபோக்கில் வருகின்றன: மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் மறுபடி உறக்கம் வருவதில்லை, இரவுச் சாப்பாடு இறங்குவதில்லை, வீடியோ அழைப்பில் மகள் "என்னப்பா, சட்டை இவ்வளவு தொளதொளவென்று இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறாள். உங்கள் மகள் அன்று காட்டியது ஆரஞ்சு வட்டக் கொடிதான். நீங்கள் அதைச் சட்டையைப் பற்றிய பேச்சாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

விடிகாலை விழிப்பு, பசியின்மை, உடல் மெலிதல், முன்பு விருப்பமாகச் செய்தவற்றைக் கைவிடுதல் ஆகியவை சேர்ந்தாற்போல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறும் சர்க்கரை நோயும்கூட இவற்றில் சிலவற்றை உண்டாக்கும் என்பதால், இரத்தப் பரிசோதனையும் தேவை. கடிதத்தைப் படித்து நோயின் பெயரைச் சொல்வது என் வேலையன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே செல்லுங்கள். ஆரஞ்சு வட்டத்துக்கும், பந்தயத்திலிருந்தே வெளியேற்றும் வெறும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குத் தெரியும்: பழுது நீக்கப்பட்டதைத் தொழில்நுட்ப அதிகாரி ஒப்புக்கொண்டால் கார் மீண்டும் தடத்துக்குத் திரும்பலாம். 2022இல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் கெவின் மேக்னஸனுக்கு ஒரே ஆண்டில் மூன்று பந்தயங்களில் இந்தக் கொடி காட்டப்பட்டது. இவ்வளவு சிறிய சேதத்துக்கா என்று அவருடைய அணி முணுமுணுத்தது. பின்னர் அந்தக் கொடியைப் பயன்படுத்தும் முறையே மறுபரிசீலனைக்கு உள்ளானது. காட்டியவர்கள் மிகைப்படுத்தினார்களா என்ற வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், ஆனால் காட்டப்பட்டபோது அவர் உள்ளே வந்து நின்றார். உங்கள் மகளும் மிகைப்படுத்தியிருக்கலாம். அதை இரத்தப் பரிசோதனை சொல்லட்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் படித்திருப்பது சரிதானா? பச்சையையும் மனைவியின் நோய்க்கால மஞ்சளையும் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் மாறுபடுகிறேன். பல ஆண்டுகள் கொடி பிடித்த ஒருவரிடம் இப்படிச் சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் நோட்டை, உலக அளவில் கார் பந்தயங்களை நெறிப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அடுத்தவருக்குக் காட்டும்போது துல்லியமாகக் காட்டும் நீங்கள் உங்களுக்கென்று வரும்போது விதியையே மாற்றிவிடுவது தெரிகிறது. தடத்தோரக் கொடி நிலையமான போஸ்டில் நிற்கும் மார்ஷலின் கொடி, தடத்தின் குறிப்பிட்ட ஒரு பகுதி அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. ஓட்டுபவர் திறமைசாலியா, நல்லவரா என்பதைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் இல்லை. நீங்களோ ஒவ்வொரு கொடியையும் உங்களைப் பற்றிய தீர்ப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

நீலத்தைப் பார்ப்போம். பின்னால் வேகமான கார் ஒன்று உங்களை ஒரு முழுச் சுற்று முந்தப்போகிறது, வழி விடுங்கள் என்பது பந்தயத்தின்போது அதன் பொருள். இதை அவமானம் என்று நினைப்பவர்கள் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனை நினைத்துக்கொள்ள வேண்டும். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான அவர், 2012இல் ஹெச்.ஆர்.டி. என்ற மிக மெதுவான காரில் இருந்தார். பந்தயந்தோறும் நீலக்கொடி அவருக்கு வழக்கமான காட்சி. அந்த ஆண்டு மார்ச் மாதம் மலேசியாவின் செபாங்கில் மழை கொட்டியபோது, முழு ஈரத்துக்கான டயர்களில் தொடங்கிய அவர், பந்தயம் நிறுத்தப்பட்ட நேரத்தில் பத்தாவது இடத்தில் இருந்தார். தடம் காய்ந்ததும் பின்தங்கினார்; அவரை ஒரு சுற்று முந்திச் சென்ற செபாஸ்டியன் வெட்டலின் கார் அவருடைய காரோடு உரசி டயர் கிழிந்தது. வெட்டல் அன்று கடுமையாகப் பேசினார். நடுவர்கள் கார்த்திகேயனுக்கு 20 விநாடி தண்டனை விதித்தார்கள். அடுத்த பந்தயத்திலும் அவர் ஓட்டினார், மறுபடியும் நீலக்கொடிக்கு வழி விட்டார். வழி விடுபவரின் பந்தயம் அதனால் முடிந்துவிடுவதில்லை. வேகமான கார் கடந்ததும் அந்தக் கொடியின் வேலை தீர்ந்துவிடுகிறது. நீங்கள் 2019இல் காட்டப்பட்டதாகச் சொல்லும் நீலக்கொடியை இன்றுவரை உங்கள் முன்னால் நீங்களே ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஆலையில் அதன் பிறகு எதையும் கேட்டுப் பெறவில்லை என்றும், தங்கை வீட்டு விசேஷத்தில்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்தீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உண்மையில் 2019 நீலமே அன்று. நீங்கள் கொடுத்த ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். 2017இலிருந்து வாரம் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்றீர்கள், இரவுப் பணியை மறுத்தீர்கள், புனேயில் நடந்த பயிற்சிக்கு வர இயலாது என்று எழுதிக் கொடுத்தீர்கள். அந்தப் பயிற்சிக்குப் போன இளைஞர்தான் பிறகு உங்களுக்கு மேலதிகாரியானார். நீங்கள், முன்னால் பெரிய ஆபத்து என்று எச்சரிக்கும் இரட்டை மஞ்சளின்கீழ் வேகத்தைக் குறைத்து ஓட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவர் முந்தியிருக்கிறார். பந்தயத்தில் மஞ்சளின்கீழ் முந்துவதற்குத் தடை உண்டு. அலுவலகத்தில் அப்படி ஒரு விதி இல்லை. இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் உங்கள் திறமைக் குறைவுக்கு இதில் சான்று எதுவும் கிடையாது. நோட்டில் தனித்தனியாக நிற்கும் மஞ்சள் அத்தியாயமும் நீல அத்தியாயமும் ஒரே அத்தியாயமாக இருந்திருக்க வேண்டியவை.

அந்த மஞ்சளைப் பற்றி உங்கள் அண்ணன் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள்: "ஆள் வைத்துப் பார்த்திருக்கலாம், வேலையைக் கெடுத்துக்கொண்டாய்." இரட்டை மஞ்சள் ஏன் காட்டப்படுகிறது என்பதை உங்கள் அண்ணன் அறியமாட்டார். தடத்தின் மேலோ ஓரத்திலோ மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள், நின்றுவிடவும் ஆயத்தமாக இருங்கள் என்று அது சொல்கிறது. 2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுஸூகா தடத்தில், மழையில், விபத்துக்குள்ளான காரை அகற்றும் வாகனம் நின்றிருந்த இடத்தில் இரட்டை மஞ்சள் ஆடிக்கொண்டிருந்தபோது ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜூல்ஸ் பியான்கியின் கார் கட்டுப்பாட்டை இழந்து அந்த வாகனத்தில் மோதியது. அந்தக் காயத்தால் மறு ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். அதற்குப் பிறகு பந்தய நிர்வாகம், எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வோர் ஓட்டுநரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவைக்காமல், எல்லாக் கார்களையும் ஒரே அளவுக்கு மெதுவாக்கும் மெய்நிகர் பாதுகாப்புக் கார் முறையை 2015இல் கொண்டுவந்தது. உங்கள் குடும்பத்தில் அது நடக்கவில்லை. அண்ணனும் தங்கையும் தத்தம் வேகத்திலேயே போனார்கள்; குறைத்தவர் நீங்கள் ஒருவர். அண்ணனின் விமர்சனத்தை நான் இதன் வெளிச்சத்தில்தான் படிக்கிறேன், சற்றுக் கோபத்தோடும் படிக்கிறேன்.

மனைவி இறந்த பிறகான காலத்தை நோட்டில் நீங்கள் மஞ்சளாகவே நீட்டித்திருக்கிறீர்கள். "பச்சை காட்டுவதற்கு ஆள் இல்லை" என்ற வரியில் நான் நெடுநேரம் நின்றேன். பந்தயத்தில் ஆபத்து நடந்த இடத்தைத் தாண்டியதும் வரும் போஸ்டில் ஒருவர் பச்சையோடு நிற்பார். அங்கிருந்து மறுபடி வேகமெடுக்கலாம். நம் ஊரில் இந்த வேலையை ஓரளவுக்குச் சடங்குகள் செய்துவந்தன. காரியம் முடியும் நாள் ஒன்று, தலைத்திதி ஒன்று. முதல் ஆண்டு பொங்கல் வைப்பதில்லை, தீபாவளி கிடையாது. அந்த ஆண்டு கழிந்ததும் பெரியவர்கள் வந்து, அடுத்த பண்டிகையைக் கொண்டாடச் சொல்வார்கள். துக்கம் தீர்ந்துவிட்டதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஓட்டலாம் என்பது மட்டும் சொல்லப்படும். நீங்கள் தலைத்திதியை முறையாகச் செய்திருக்கிறீர்கள், ஆனால் அதற்குப் பிறகும் வீட்டில் பண்டிகை இல்லை. சொல்ல வேண்டிய பெரியவர்கள் இப்போது இல்லை, பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்குப் பொருத்தமான கொடி வேறொன்று என்று கருதுகிறேன். மஞ்சளில் செங்குத்தான சிவப்புப் பட்டைகள் போட்ட கொடியை நீங்கள் எத்தனையோ முறை பிடித்திருப்பீர்கள்: எண்ணெயோ தண்ணீரோ கிடப்பதால் முன்னால் பிடிமானம் குறைவு என்று அது எச்சரிக்கிறது. அதன்கீழ் முந்துவதற்குத் தடை இல்லை, பந்தயம் நடந்துகொண்டேயிருக்கும். தடத்தின் பரப்பு முன்பே சீராகிவிட்டால் ஒழியக் குறைந்தது நான்கு சுற்றுகள் காட்ட வேண்டும் என்று சொல்லும் அதே விதி, இந்தக் கொடிக்கு அடுத்த பகுதியில் பச்சை காட்ட வேண்டிய தேவையில்லை என்றும் சொல்கிறது. துக்கத்தின் முதற்காலம் கழிந்த பிறகு வரும் ஆண்டுகளை நான் இப்படித்தான் பார்க்கிறேன். மனைவியின் பிறந்தநாள், டயாலிசிஸுக்குப் போன அதே சாலை, அவர் வாங்கி வைத்துப் பயன்படுத்தாத புடவை ஆகியவற்றின் அருகே பிடிமானம் குறையும், வண்டி வழுக்கும். வழுக்கும் என்று தெரிந்தே ஓட்ட வேண்டிய பகுதிகள் அவை. பச்சைக்காகக் காத்து நிற்பவர் அங்கே காத்துக்கொண்டே இருப்பார், ஏனென்றால் அந்தக் கொடிக்குப் பின் பச்சை வருவதாக விதியிலேயே இல்லை.

குடியை விட்டதை நோட்டில் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள், அதற்குக் கொடியும் இல்லை. மூலைவிட்டமாகப் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக இருக்கும் எச்சரிக்கைக் கொடி அது. முறைதவறிய நடத்தைக்காக ஓட்டுநரின் எண்ணோடு ஒரே ஒரு முறை காட்டப்படுவது. மகன் காட்டினார், நீங்கள் திருந்தினீர்கள். எத்தனை பேருக்கு ஒரே முறையில் போதுமானதாக இருக்கிறது என்று என்னைக் கேட்டால் வேறு கதை சொல்வேன். அந்த ஒரு வரி முழுப் பக்கமாக வேண்டும்.

நோட்டில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது கறுப்புப் பக்கம். 2021இல் ஆலை மூடப்பட்டதை உங்களுக்குக் காட்டப்பட்ட கறுப்புக்கொடி என்று எழுதியிருக்கிறீர்கள். கறுப்புக்கொடியோடு ஓட்டுநரின் எண் காட்டப்படும். அதைக் காட்டும் முடிவை நடுவர்கள் எடுக்கிறார்கள். காரணம் அணிக்குத் தெரிவிக்கப்படுகிறது. 1989இல் போர்ச்சுகலின் எஸ்டோரிலில் பிட்டுக்குள் காரைப் பின்னோக்கி ஓட்டியதற்காக நைஜல் மேன்செலுக்கு அது காட்டப்பட்டது. அவர் தொடர்ந்து ஓட்டி அயர்டன் சென்னாவோடு மோதியதற்குப் பிறகு அடுத்த பந்தயத்திலிருந்தும் தடை செய்யப்பட்டார். அங்கே ஒரு தவறு இருந்தது, ஓர் எண் இருந்தது. உங்கள் ஆலையில் மேலாளர் முதல் கேன்டீன் பணியாளர் வரை எல்லோருக்கும் ஒரே நாளில் கதவு மூடப்பட்டது. உங்கள் எண் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. எல்லாக் கார்களையும் ஒன்றாக நிறுத்தும் கொடி சிவப்பு. உங்கள் நோட்டில் சிவப்புக்கு ஒரு பக்கம்கூட இல்லை.

கறுப்பா சிவப்பா என்பதால் இழந்த சம்பளம் திரும்பி வந்துவிடாது. ஆனால் கறுப்பின்கீழ் வெளியேறியவர் தன் குற்றத்தைத் தேடிக்கொண்டிருப்பார். நீங்கள் அதைத்தான் செய்துவருகிறீர்கள். சிவப்பின்கீழ் நின்றவருக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு, இரண்டுமே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஜென்சன் பட்டனுக்கு நேர்ந்திருக்கின்றன. 2009இல் செபாங்கில் மழையால் 33ஆவது சுற்றில் பந்தயம் நிறுத்தப்பட்டு, மறுபடி தொடங்கவே இல்லை. அதுவரை ஓட்டியதைக் கணக்கிட்டு எல்லோருக்கும் பாதிப் புள்ளிகள் தரப்பட்டன. 2011 ஜூன் 12 அன்று மாண்ட்ரியலில் நடந்தது வேறு. மழையால் பந்தயம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சிவப்பின்கீழ் நின்றது. இரண்டு மோதல்கள், ஒரு தண்டனை, ஒரு பஞ்சர் எல்லாம் சேர்ந்து பட்டன் ஒரு கட்டத்தில் கடைசி இடத்துக்கே போனார். தொடங்கி 4 மணி 4 நிமிடங்களுக்குப் பிறகு, கடைசிச் சுற்றில் முந்தி வென்றார். இந்த வெற்றியைக் காட்டி உங்களுக்கு நம்பிக்கையூட்ட நான் விரும்பவில்லை. 57 வயதில் வேலை தேடுவது எப்படிப்பட்டது என்பது எனக்குத் தெரியும். நான் சுட்டிக்காட்ட விரும்புவது அந்த இரண்டு மணி நேரத்தை. காரைவிட்டு இறங்கினார்கள், உலர்ந்த உடை மாற்றினார்கள், மற்ற ஓட்டுநர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். உங்கள் ஆலை நண்பர்களோடு 2021க்குப் பிறகு பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்கப்பட்டு ஒதுங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர்களும் அதே சிவப்பின்கீழ் நின்றவர்கள் என்பதால், இந்த மாதம் அவர்களில் இருவரையாவது தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். 24 ஆண்டு வேலை அழிந்துபோகவில்லை. உங்களுடைய ஆலை செபாங்காக முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளைக்கு வருவோம். கடைசிச் சுற்று என்பது அமெரிக்கப் பந்தயங்களில் அந்தக் கொடிக்கு உள்ள பொருள். நீங்கள் பணிபுரிந்த தடத்தில், எஃப்.ஐ.ஏ. முறைப்படி, முன்னால் மிக மெதுவாக ஒரு வாகனம் போகிறது என்பதற்காகவே அதை அசைத்திருப்பீர்கள். இந்த மாற்றம் தற்செயலா என்பதை நீங்கள்தான் யோசித்துச் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் ஊர் விதியை விட்டுவிட்டு, பந்தயம் முடியப்போகிறது என்று சொல்லும் வெளிநாட்டு விதியை எடுத்துக்கொண்டது, மூன்று மணிக்கு விழித்திருக்கும் மனம் செய்யும் தேர்வு போல எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பழைய பொருளின்படி பார்த்தால், முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருப்பவர் நீங்கள்தான். பின்னால் வருபவர்கள், அதாவது உங்கள் பிள்ளைகள், உங்களைக் கவனித்து ஓட்ட வேண்டிய காலம் இது. அதற்கு அவர்களுக்குச் செய்தி போய்ச்சேர வேண்டும்.

கட்டம் போட்ட கொடியை முன்கூட்டியே காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 மாண்ட்ரியல் பந்தயம் இருக்கிறது. விருந்தினராக வந்திருந்த ஒருவர், அதிகாரிகளின் தவறான குறிப்பால், ஒரு சுற்று முன்னதாகவே அதை அசைத்துவிட்டார். ஓட்டுநர்கள் 70 சுற்றுகளையும் ஓட்டி முடித்தார்கள், ஆனால் முடிவு 68ஆவது சுற்றின்படியே அறிவிக்கப்பட்டது. அந்தக் கொடி தவறாகவே அசைந்தாலும் செல்லுபடியாகிவிடும். அது போஸ்டில் நிற்பவர் கையில் கொடுக்கப்படுவதும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் நீங்களும் அதை உங்கள் முடிவின்படி அசைத்ததில்லை. போஸ்டில்கூட நீங்கள் தனியாக நின்றதில்லையே: ஒருவர் வரும் கார்களைப் பார்த்து நிற்க, மற்றவர் எதிர்ப்புறம் தன் பகுதியைப் பார்த்து நிற்பார். இந்த நோட்டில் ஓட்டுநர், மார்ஷல், நடுவர், பந்தயத்தை நடத்தும் அதிகாரியான கிளார்க் ஆஃப் தி கோர்ஸ் எல்லாரும் நீங்களாகவே இருக்கிறீர்கள்.

இப்படி எழுதுவது மனக்கோளாறா என்று கேட்டீர்கள். இல்லை, தொடர்ந்து எழுதுங்கள். துயரமான அனுபவங்களை எழுதுவது பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் செல்வது குறைந்திருந்தது. உங்கள் பக்கங்களில் நிகழ்வு இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, கொடி இருக்கிறது. உணர்வு வர வேண்டிய இடத்தில் எல்லாம் நிறத்தின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "மஞ்சள்" என்று எழுதி நிறுத்திய இடத்துக்குக் கீழே, அந்த நாளில் பயந்தீர்களா, கோபப்பட்டீர்களா, மனைவி என்ன சொன்னார், நீங்கள் என்ன சொல்லாமல் விட்டீர்கள் என்று எழுதுங்கள். மூன்று மணிக்கு வேண்டாம்; பகல் வெளிச்சத்தில், கால் மணி நேரம் போதும். எழுதி முடித்ததும் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். எழுதுவதால் துயரம் கூடுவதாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு, மருத்துவரைப் பார்க்கும்போது அதைச் சொல்லுங்கள். மருத்துவர் ஒப்புக்கொண்டால், அடுத்த பந்தய வார இறுதிக்கு இருங்காட்டுக்கோட்டைக்கும் போய்வாருங்கள், முதல் முறை பார்வையாளராகவே.

மகளிடம் கொடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. இப்போதுள்ள வடிவில் வேண்டாம். முதல் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணின் கையில், தந்தை முடிவுக்காகக் காத்திருப்பதாக முடியும் நோட்டைக் கொடுப்பது அவரைத் தூங்கவிடாது. அவர் திருச்சியில் இருந்துகொண்டு ஒன்றும் செய்ய இயலாமல் தவிப்பார். உங்கள் உடல்நிலையையும் உறக்கத்தையும் மட்டும் இப்போதே பிள்ளைகள் இருவரிடமும் நேராகச் சொல்லிவிடுங்கள். மருத்துவமனைக்கு மகனை உடன் அழைத்துச் செல்லுங்கள். நோட்டைத் திருத்தி எழுத எப்படியும் சில மாதங்கள் ஆகும். சிவப்புக்கு ஒரு பக்கம் சேருங்கள், பட்டைக் கொடிக்கு ஒன்று சேருங்கள், குடியை விட்ட ஒரு வரியை விரித்து எழுதுங்கள், வெள்ளைக்குப் பிறகுள்ள பக்கங்களை எடுத்துவிடுங்கள். குழந்தை பிறந்து, மகள் உடல் தேறி, தாயைப் பற்றி உங்களிடம் அவராகவே கேட்கத் தொடங்கும்போது, மஞ்சள் அத்தியாயத்தை முதலில் கொடுங்கள். தன் தாயின் அந்த ஆண்டுகளில் வீட்டில் என்ன நடந்தது என்பது திருமணமாகிப் போன அவருக்கு முழுமையாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.